பழைய தளங்களில் உறங்கும் திறமூலத் திட்டத்தை மீட்பது எப்படி

பழைய திறமூல மென்பொருள் ஒன்றை மீட்டுத் தரச் சொல்லி யாராவது என்னிடம் வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி "எந்த வருஷம் ஆரம்பித்தீர்கள்?" என்பதுதான். வந்தவர் கோட் எங்கே கிடக்கிறது என்று தேடித் தேடிக் களைத்திருப்பார். வருஷத்தைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஆனால் வருஷம் தெரிந்தால் தளம் தெரியும். தளம் தெரிந்தால் மாற்றங்களைப் பதிந்துவைத்த கருவி தெரியும். கருவி தெரிந்துவிட்டால் எது பிழைத்திருக்கும், எது போயிருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

1990களில் தொடங்கியது என்றால் எஃப்டிபி வழியாகக் கோப்புகளை ஏற்றி இறக்கிய காலம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சன்சைட் மாதிரி பெரிய சேமிப்பு இயந்திரங்களில் ஒரு டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை) போட்டுவிட்டுப் போவார்கள். கூடவே எல்எஸ்எம் என்று முடியும் சின்ன உரைக்கோப்பு ஒன்று இருக்கும்: தலைப்பு, பதிப்பு எண், எழுதியவர், எந்த உரிமம். சன்சைட் பிறகு மெட்டாலேப் ஆகி, 2000இல் இப்லியோ ஆனது, இன்றும் இருக்கிறது. பெர்ல் மொழி நிரலகம் என்றால் 1995இல் தொடங்கிய சிபேன் காப்பகம். இந்தக் காலத்துத் திட்டங்களுக்குக் கமிட் வரலாறு (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவுகள்) பெரும்பாலும் வெளியே இருந்ததே இல்லை. கிடைக்கிற டார் கோப்புகளைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு கமிட்டாக, அதன் பழைய தேதியோடே, மாற்றங்களைப் பதிய இன்று பயன்படும் கிட் என்ற கருவியில் ஏற்றிவிடுங்கள். அதற்கு மேல் அங்கே வேலை இல்லை.

1999 நவம்பரில் விஏ லினக்ஸ் நிறுவனம் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தைத் திறந்தது. அதன் பிறகுதான் நம் வேலை சுவாரசியமாகிறது. அதற்கு முன்பு நாலு பேர் சேர்ந்து மென்பொருள் எழுத வேண்டுமென்றால், யாரோ ஒருவர் தன் பல்கலைக்கழக இயந்திரத்தில் சிவிஎஸ் (மாற்றங்களைப் பதியும் அந்தக் காலக் கருவி) சர்வர் போட வேண்டும், இன்னொருவர் குழுவின் மின்னஞ்சல் உரையாடல் நடக்கும் மெயிலிங் லிஸ்ட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போனால் லிஸ்ட்டும் போய்விடும். சோர்ஸ்ஃபோர்ஜ் சிவிஎஸ், மெயிலிங் லிஸ்ட், பக் டிராக்கர் (பிழைகளைப் பதியும் பட்டியல்), கோப்பு வெளியீடு, வலைப்பக்கத்துக்கு இடம் என எல்லாவற்றையும் ஒரே கணக்கில், காசில்லாமல் கொடுத்தது. கம்பைல் ஃபார்ம் என்று ஒன்றுகூட வைத்திருந்தார்கள். நம்மிடம் இல்லாத வகைக் கணினிகளில் உள்ளே போய் நம் நிரலைக் கட்டிப் பார்க்கலாம். 2007இல் அதை மூடினார்கள். என்னைப் பொறுத்தவரை இன்றைய தளங்கள் எதுவும் அந்த அனுபவத்தைத் திருப்பித் தரவில்லை.

2006, சிவிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த கருவியான சப்வெர்ஷனின் வருஷம். பிப்ரவரியில் சோர்ஸ்ஃபோர்ஜ் சப்வெர்ஷனைச் சேர்த்தது. ஜூலையில் கூகுள் கோட் சப்வெர்ஷனோடேயே பிறந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸும் வந்தது. 2008இல் கிட்ஹப், கிட்டோரியஸ், பிட்பக்கெட் தளங்கள் வந்தன. ஆகவே 2001 என்று பதில் வந்தால் சிவிஎஸ்ஸைத் தேடுவேன், 2007 என்றால் சப்வெர்ஷனை, 2010 என்றால் கிட் அல்லது அதே வகைக் கருவியான மெர்க்யூரியலை. 2002இல் தொடங்கி 2008 வரை நடந்த திட்டம் என்றால் சிவிஎஸ், சப்வெர்ஷன் இரண்டின் தடயமும் இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

யூனிக்ஸ் பெயரைக் கண்டுபிடியுங்கள்

சோர்ஸ்ஃபோர்ஜில் திட்டம் பதிவு செய்யும்போது இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். ஒன்று அழகான முழுப்பெயர். இன்னொன்று யூனிக்ஸ் பெயர்: சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், குட்டையாக. அந்தக் காலத்தில் விண்ணப்பத்தை அங்கே ஒரு மனிதர் படித்துப் பார்த்து அனுமதி தருவார். முழுப்பெயர் பலமுறை மாறியிருக்கும். நமக்குச் சாவி யூனிக்ஸ் பெயர்தான். வலைப்பக்க முகவரி, சிவிஎஸ் பாதை, மெயிலிங் லிஸ்ட் என எல்லாமே அதிலிருந்து பிறந்தவை. லிஸ்ட்களின் பெயர்களைக்கூட ஊகிக்கலாம்: யூனிக்ஸ் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு, பிறகு "டெவல்", "யூசர்ஸ்", "அனவுன்ஸ்" அல்லது "சிவிஎஸ்". இந்த நாலில் குறைந்தது இரண்டு மாட்டும்.

ஒரு தளத்தைப் பழகிவிட்டால் மற்றதும் பழகிவிடும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சோர்ஸ்ஃபோர்ஜ் தன் சொந்த மென்பொருளை ஆரம்பத்தில் திறந்த மூலமாகவே வெளியிட்டது; பிறகு கதவை அடைத்துக்கொண்டது. அதற்குள் குட்டிகள் பிறந்துவிட்டன. குனு திட்டத்தின் சவன்னாவும், பெர்லினில் ஃப்ராவுன்ஹோஃபர் ஃபோகஸ் நடத்திய பெர்லியாஸும் அந்த மூலத்திலிருந்து கிளம்பியவை. ஜிஃபோர்ஜ் என்ற கிளை பிறந்து, அதன்மேல் டெபியன் லினக்ஸின் அலியோத்தும் ரூபி மொழிக்கான ரூபிஃபோர்ஜும் நின்றன. அதனால்தான் இவை எல்லாவற்றிலும் பக்க அமைப்பும் முகவரிகளில் வரும் "குரூப் ஐடி" எண்ணும் ஒரே மாதிரி தெரியும்.

பெயரே நினைவில்லை என்றால் ஃப்ரெஷ்மீட்டைப் பாருங்கள். 1997இல் தொடங்கிய பட்டியல் தளம் அது. மூலக்கோடை வைத்திருக்கவில்லை, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு எங்கே வெளிவந்தது என்று மட்டும் சொன்னது. 2011இல் ஃப்ரீகோட் என்று பெயர் மாறி, 2014 ஜூனில் புதுப்பிப்பை நிறுத்தியது. பழைய பக்கங்கள், வலைப்பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் கிடைக்கும்.

மூலக்கோடைக் கடைசியில் எடுங்கள்

வந்தவர்கள் எல்லோரும் முதலில் ரெப்போவைத்தான், அதாவது மூலக்கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்கைத்தான் கேட்பார்கள். நான் கடைசியில்தான் தொடுவேன். ரெப்போ என்பது பல பேர் நகல் எடுத்து வைத்திருக்கும் பொருள். அதைச் சுற்றி இருந்தவைதான் சத்தமில்லாமல் காணாமல் போகும். வலைப்பக்கம், லிஸ்ட் உரையாடல், பக் டிராக்கர், வெளியீட்டுக் கோப்புகள்: இவை தளத்தின் டேட்டாபேஸில் இருந்தவை, யாருடைய கணினியிலும் நகல் இல்லாதவை. ஒரு தளம் மூடப்போகிறது என்று அறிவித்தால் முதலில் பாய வேண்டியது இவற்றின்மேல்.

வலைப்பக்கத்துக்கு வேபேக் மெஷின். திட்டத்தின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடினால், அந்த முகவரியின் கீழ் சேமித்த எல்லாக் கோப்புகளும் பட்டியலாக வரும். முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பட்டியலில் டார், ஜிப் என்று வடிகட்டிப் பாருங்கள். வெளியீட்டுப் பகுதியில் இல்லாத சோதனைப் பதிப்புகள் அங்கே ஒளிந்திருக்கும்.

லிஸ்ட் உரையாடல்களுக்கு, நிர்வாகி உயிரோடும் தொடர்பிலும் இருந்தால், எம்பாக்ஸ் கோப்பாக (எல்லா மடல்களும் ஒரே கோப்பில்) மொத்தமாக இறக்கித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஜிமேன் இருக்கிறது. 2002 முதல் உலகத்து மெயிலிங் லிஸ்ட்களை நியூஸ்குரூப் (இணையத்தின் பழைய விவாதக் குழு) வடிவத்தில் சேர்த்துவைத்த சேவை. 2016இல் அதன் வலைமுகம் போனாலும், நியூஸ் சர்வர் வேறு முகவரியில் தொடர்கிறது. நியூஸ் வாசிப்பான் ஒன்றை நிறுவி இணைந்தால் தலைப்பு, பதில் தொடர்ச்சி எல்லாம் கெடாமல் வந்து சேரும்.

பக் டிராக்கரில் ஒரு சிக்கல். சோர்ஸ்ஃபோர்ஜின் பழைய பக் எண்கள் தளம் முழுவதுக்கும் பொதுவானவை. உங்கள் திட்டத்தின் முதல் பக் ஆறு ஏழு இலக்க எண்ணோடு தொடங்கும். அல்லூரா என்ற புதுத் தளமுறைக்கு மாறியபோது ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகச் சின்ன எண்கள் வந்தன. கமிட் செய்திகளிலோ பழைய ஏழு இலக்க எண்தான் எழுதியிருக்கும். ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் தயார் செய்துகொள்ளுங்கள். நிர்வாகி உரிமை இருந்தால் எக்ஸ்போர்ட் வசதியில் ஜேசன் கோப்பாக எடுக்கலாம். இல்லையென்றாலும் அல்லூராவின் ரெஸ்ட் ஏபிஐ (நிரல் மூலம் தகவல் கேட்டு வாங்கும் வழி) பொதுவில் உள்ள டிக்கெட்களை, அதாவது பக் பதிவுகளைக் கொடுக்கும். கமிட் வரலாற்றை மாற்றியமைக்கும்போது இந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். பிறகு போட்டால் ஒட்டாது.

வெளியீட்டுக் கோப்புகளை எடுக்கும்போது மூலக்கோடு உள்ள டார் கோப்புகளை மட்டும் நம்புங்கள். 2013இல் சோர்ஸ்ஃபோர்ஜ் டெவ்ஷேர் என்ற திட்டத்தில் விண்டோஸ் நிறுவிகளோடு வேறு மென்பொருள்களையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தது. அந்த ஆண்டு நவம்பரில் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் குழு தன் விண்டோஸ் வெளியீட்டை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. 2015இல் அதே கிம்ப் பக்கத்தைத் தளமே கையில் எடுத்து அப்படிப்பட்ட நிறுவியை வைத்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. 2016இல் தளம் கைமாறியதும் புது உரிமையாளர்கள் டெவ்ஷேரை நிறுத்தினார்கள். அந்த இடைக்காலத்து நிறுவி ஏதாவது யாருடைய வட்டிலாவது கிடைத்தால், அதை மீட்டெடுத்த பொருளாகக் கருத வேண்டாம்.

சிவிஎஸ்: பொறுமை கேட்கும் இடம்

சோர்ஸ்ஃபோர்ஜ் 2017 இறுதியில் சிவிஎஸ்ஸை எழுத முடியாதபடி பூட்டிவிட்டது. ஆனால் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக முழு ரெப்போவையும் இழுக்கலாம். "செக்அவுட்" செய்யாதீர்கள், அதில் கடைசி நிலை மட்டும்தான் வரும். உங்களுக்கு வேண்டியது கமா வி (,v) என்று முடியும் கோப்புகள். சிவிஎஸ்ஸில் ஒவ்வொரு கோப்பும் தன் வரலாற்றைத் தானே சுமக்கிறது. "இந்த ஐந்து கோப்பும் ஒரே மாற்றத்தில் மாறின" என்று எங்கேயும் எழுதியிருக்காது. சிவிஎஸ்டுகிட் என்ற கருவி அதை ஊகித்துக் கட்டும்: ஒரே ஆள், ஒரே செய்தி, சில நிமிட இடைவெளி என்றால் ஒரே கமிட். எல்லா மாற்றத்துக்கும் "சரி செய்தேன்" என்று ஒரே வார்த்தையை எழுதும் ஆள் குழுவில் இருந்தால், இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்டவர் எல்லாக் குழுவிலும் இருப்பார்.

ஓட விடும் முன் ஒவ்வொரு அடைவிலும் "ஆட்டிக்" என்ற துணை அடைவைப் பாருங்கள். நீக்கப்பட்ட கோப்புகள் அங்கே போகும். ஒரே பெயருள்ள கோப்பு ஆட்டிக்கிலும் வெளியிலும் இருந்தால் கருவி நின்றுவிடும். இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லும் விருப்பம் ஒன்று உண்டு, அதைக் கொடுத்து ஓட்டுங்கள். எதை அழிப்பது என்று அந்த நேரத்தில் முடிவு எடுக்காதீர்கள்.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. 2000களின் தொடக்கத்தில் கமிட் செய்தியை அநேகமாக யாரும் எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப் 8இல் எழுதவில்லை. ஐரோப்பியர் லத்தீன் 1இல், ரஷ்யர் கேஓஐ 8இல், ஜப்பானியர் வேறொன்றில் எழுதினார்கள். சில மாதம் முன்பு நான் எடுத்த ஒலிக்கோப்பு நிரலகம் ஒன்றில் மூன்று பேர், மூன்று குறியாக்கம். சிவிஎஸ்டுகிட்டுக்குக் குறியாக்கங்களை வரிசையாகச் சொல்லலாம்; முதலில் யூடிஎஃப் 8, கடைசியில் லத்தீன் 1 என்று வையுங்கள். லத்தீன் 1 எதையும் மறுக்காது, எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். முன்னால் போட்டால் மற்றவைக்கு வேலையே இருக்காது. ஆள் வாரியாகக் குறியாக்கம் வேறுபட்டால், மாற்றிய பிறகு அந்த ஆளின் கமிட்களை மட்டும் தனியாகத் திருத்துவது சுலபம்.

ஆள் பெயரிலும் வேலை இருக்கிறது. சிவிஎஸ்ஸில் இருப்பது பயனர் பெயர் மட்டும். முழுப்பெயரும் மின்னஞ்சலும் கிடையாது. நன்றிப் பட்டியல் கோப்பு, சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்), லிஸ்ட் உரையாடல் மூன்றையும் வைத்துப் பயனர் பெயருக்கு நேராக முழுப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். லிஸ்ட்டை முதலில் எடுக்கச் சொன்னதன் பலன் இங்கே தெரியும். மின்னஞ்சலுக்கு, பொதுவில் அவரே கொடுத்தது இல்லையென்றால், சோர்ஸ்ஃபோர்ஜ் தந்த பயனர் முகவரியையே போடுங்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய ஒருவருடைய சொந்த முகவரியைத் தேடிப் பிடித்து எல்லாக் கமிட்டிலும் அச்சடிப்பது முறையல்ல.

முடிந்ததும் சரிபார்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு டேக்கையும் (ஒரு பதிப்பைக் குறிக்க வரலாற்றில் வைத்த அடையாளம்) எடுத்து, அதே பதிப்பின் வெளியீட்டு டார் கோப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருக்கும், எந்த வித்தியாசம் என்பதுதான் கேள்வி. டார் கோப்பில் மட்டும் "கன்ஃபிகர்" முதலிய கோப்புகள் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, அவை வெளியீட்டின்போது உருவாக்கப்பட்டவை. டாலர் குறிகளுக்கு நடுவே "ஐடி" என்று தொடங்கும் வரிகள் மட்டும் மாறியிருந்தாலும் பரவாயில்லை. கோப்பின் பதிப்பும் தேதியும் அங்கே சிவிஎஸ்ஸே நிரப்பியவை. படக்கோப்புகள் மாறியிருந்தால் நின்று பாருங்கள். பைனரி என்று குறிக்காமல் சேர்த்த கோப்பில் சிவிஎஸ் வரிமுடிவை மாற்றியிருக்கலாம். அது அன்றே கெட்டுப்போனது, டார் கோப்பிலிருந்துதான் நல்ல நகலை எடுக்க வேண்டும்.

சப்வெர்ஷனும் கூகுள் கோடும்

இங்கே வேலை பாதிதான். சோர்ஸ்ஃபோர்ஜின் சப்வெர்ஷன் ரெப்போவையும் ஆர்சிங்க்கில் முழுதாக எடுக்கலாம். எடுத்ததை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொண்டு கிட் எஸ்விஎன் என்ற மாற்றுக்கருவிக்குக் கொடுத்தால் வேகமாக முடியும். ட்ரங்க் (முதன்மை), பிராஞ்சஸ் (கிளைகள்), டேக்ஸ் என்ற மூன்று அடைவும் முறையாக இருந்தால் ஒரே கட்டளை. பாதி வழியில் அடைவை மாற்றியமைத்த குழு என்றால் ரெபோசர்ஜன் தேவைப்படும். அது படித்துப் பழக வேண்டிய கருவி.

2006வாக்கில் சிவிஎஸ்ஸிலிருந்து மாறிய திட்டங்களில், டேக்குகளுக்காகச் சிவிஎஸ்டுஎஸ்விஎன் கருவி தானே தயாரித்த கமிட்கள் கிடக்கும். செய்தியிலேயே அந்தக் கருவியின் பெயர் இருக்கும். அவற்றைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள்: அடியில் அசல் சிவிஎஸ் ரெப்போ இன்னும் இருக்கலாம் என்று பொருள். இருந்தால் மாற்றத்துக்கு முந்தைய பகுதியை அசலிலிருந்தே மறுபடி கட்டுங்கள். 2006இன் மாற்றுக்கருவியைவிட இன்றையது எவ்வளவோ மேல்.

கூகுள் கோட் 2015 மார்ச்சில் மூடல் அறிவித்து, ஆகஸ்டில் பூட்டி, 2016 ஜனவரியில் நிறுத்தியது. கண்ணியமாகச் செய்தார்கள் என்றே சொல்வேன்: மூலக்கோடு, இஷ்யூ (பக் பதிவுகள்), விக்கி (ஆவணப் பக்கங்கள்), பதிவிறக்கக் கோப்புகள் நாலும் கூகுளின் காப்பகத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. சப்வெர்ஷன் திட்டமாக இருந்தால் விக்கிப் பக்கங்கள் ரெப்போவுக்குள்ளேயே விக்கி என்ற அடைவில் இருக்கும். ட்ரங்கை மட்டும் எடுத்தவர்கள் அதை விட்டுவிட்டு, ஆவணமே இல்லை என்று புலம்புவார்கள்.

உரிமம்

எல்லாவற்றையும்விட எனக்குத் தூக்கம் கெடுவது இதில்தான். அந்தக் காலத் தளங்களில் உரிமம் என்பது பதிவுப் படிவத்தில் தேர்ந்தெடுக்கும் ஒரு வரி. சோர்ஸ்ஃபோர்ஜில் வகைப்பாட்டுப் பட்டியலில் இருக்கும். கூகுள் கோடில் ஒரு சிறு பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். உரிமங்கள் பெருகிக்கொண்டே போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தேர்ந்தெடுத்துவிட்டோமே என்று பலர் ரெப்போவுக்குள் உரிமக் கோப்பு எதையும் வைக்கவில்லை. தளம் போனதும் அந்த வரியும் போனது. கையில் இருப்பது யாரும் சட்டப்படி தொட முடியாத கோட்.

ஆகவே சாட்சியங்களைச் சேருங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உள்ள உரிமக் குறிப்பு, டார் கோப்பில் உள்ள "காப்பியிங்" கோப்பு, வேபேக் மெஷினில் திட்டப் பக்கத்தின் நகல், அதன் தேதி. டெபியனில் அந்த மென்பொருள் சேர்க்கப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம்: அவர்கள் ஒவ்வொரு பொதிக்கும் காப்புரிமைக் கோப்பு ஒன்றைக் கட்டாயம் எழுதுவார்கள், அதுவும் வரிவரியாகப் படித்துவிட்டு. 2005 முதலான டெபியன் பொதிகள் அவர்களுடைய ஸ்னாப்ஷாட் தளத்தில் இருக்கின்றன. அசல் டார் கோப்பும் கூடவே கிடைக்கும். வேறெங்கும் இல்லாத பதிப்புகளை நான் அங்கேதான் பிடித்திருக்கிறேன். பக்கத்தில் ஒன்றும் கோப்பில் இன்னொன்றும் எழுதியிருந்தால் எழுதியவர்களைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கிடைத்த சாட்சியங்களை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். நீங்களாக ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

தளமே போய்விட்டது என்றால்

பெர்லியாஸ் 2014இல் மூடியது. அதன் திட்டங்களுக்குச் சோர்ஸ்ஃபோர்ஜில் நகல் உண்டு. ரூபிஃபோர்ஜும் அதே ஆண்டு போனது. அதன் ஜெம் கோப்புகள் (ரூபி மென்பொருள் பொதிகள்) ரூபிஜெம்ஸில் இருக்கும். கிட்டோரியஸை 2015இல் கிட்லேப் வாங்கி மூடியது. கோட்பிளெக்ஸ் 2017 டிசம்பரில். ஜாவா டாட் நெட் அதே ஆண்டு ஏப்ரலில். அலியோத் 2018இல் போய், அதன் இடத்தில் சல்சா வந்தது. சப்வெர்ஷன் பிறந்த வீடான டிக்ரிஸ் 2020 ஜூலையில் போனது. அதே மாதம் பிட்பக்கெட் மெர்க்யூரியலைக் கைவிட்டது.

இவற்றில் பலவற்றுக்கு முதல் வாசல் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ். பிரான்சின் இன்ரியா 2016இல் அறிவித்த காப்பகம். கூகுள் கோட், கிட்டோரியஸ், பிட்பக்கெட்டின் மெர்க்யூரியல் ரெப்போக்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பழைய முகவரியை அப்படியே ஒட்டித் தேடுங்கள். முகவரி தெரியாவிட்டாலும், உங்களிடம் அந்தத் திட்டத்தின் ஒரே ஒரு மூலக்கோப்பு மாற்றமில்லாமல் இருந்தால் போதும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை வைத்துக் காப்பகத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வெளியிடுவதற்கு முன்

பழைய குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சோர்ஸ்ஃபோர்ஜின் பயனர் முகவரிகள் அவரவர் பதிந்த மின்னஞ்சலுக்குத் திருப்பிவிடும். பலருக்குப் போய்ச் சேராது, சிலர் பதில் தரமாட்டார்கள், ஒருவர் "அந்தக் குப்பையையா?" என்று கேட்பார். அவர்தான் பெரும்பாலும் பழைய வட்டிலிருந்து காணாமல் போன பதிப்பைத் தேடி அனுப்புபவரும். சோர்ஸ்ஃபோர்ஜ் பக்கத்தையே பொறுப்பெடுக்க விரும்பினால், கைவிடப்பட்ட திட்டங்களை வேறொருவருக்கு மாற்றித் தர அங்கே தனி நடைமுறை இருக்கிறது. நிர்வாகியைத் தொடர்புகொள்ள முயன்றதைக் காட்ட வேண்டும்.

வெளியிடும் ரெப்போவில் மாற்றி எடுத்த வரலாறு ஒரு பிராஞ்சில் இருக்கட்டும். உங்கள் திருத்தங்கள் அதற்கு மேலே தனிக் கமிட்களாக வரட்டும். மாற்றப் பயன்படுத்திய ஆள் பட்டியல், பக் எண் பட்டியல், கருவியின் அமைப்புக் கோப்பு மூன்றையும் ஓர் அடைவில் சேருங்கள். அசல் கமா வி கோப்புகளையோ சப்வெர்ஷன் டம்ப்பையோ (முழு ரெப்போவின் நகல் கோப்பு) சுருக்கி, வெளியீட்டுப் பகுதியில் வையுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வந்தால் யாராவது மறுபடி தொடங்கலாம். லிஸ்ட்டின் எம்பாக்ஸில் கையெழுத்துப் பகுதியில் தொலைபேசி எண்கள் இருக்கும், வடிகட்டிவிட்டு ஏற்றுங்கள். பிறகு சாஃப்ட்வேர் ஹெரிடேஜில் "இப்போதே சேமி" என்ற வசதியில் புது முகவரியைக் கொடுங்கள். பழைய சோர்ஸ்ஃபோர்ஜ் பக்கத்தின் நிர்வாகி உங்களோடு பேசுகிறார் என்றால், திட்டத்தின் நிலையை "இடம் மாறியது" என்று வைத்துப் புது முகவரியை அங்கே போடச் சொல்லுங்கள். கோப்புகள் எதையும் அங்கிருந்து நீக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.